பருவ வயதில் தோல் பராமரிப்பு: பரு கண்ணில் படுவதற்கு முன்பே நடப்பவை

முகத்தில் பரு எட்டிப் பார்த்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், முன்னைவிட அழுத்தித் தேய்த்து முகம் கழுவுவது. பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். இரண்டு வாரம் போனால் பரு அப்படியே இருக்கும். கன்னம் சிவந்து, மூக்கோரம் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியும். உடனே வேறொரு ஃபேஸ்வாஷ், வேறொரு க்ரீம். பத்து நாளில் அதுவும் மூலைக்குப் போய்விடும்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. உள்ளே நடப்பதை வெளியே தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பது ஒன்று. வாரக் கணக்கில் வேலை செய்யும் மருந்துக்கு நாள் கணக்கில் மட்டுமே அவகாசம் தருவது இன்னொன்று. இன்று முகத்தில் தெரியும் பரு, ஏறத்தாழ எட்டு வாரம் முன்பே மயிர்க்காலுக்குள் தொடங்கிவிட்டது. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், எதை எப்போது பூசுவது, எதை விட்டுத்தள்ளுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மயிர்க்காலுக்குள் நடப்பது

பருவ மாற்றம் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஆறு முதல் எட்டு வயதுக்குள், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கத் தொடங்குகின்றன. எட்டு ஒன்பது வயதில் மூக்கின் மேல் சில கரும்புள்ளிகள் தெரிவது இதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. அதன்பின் சினைப்பையும் விந்தகமும் விழித்துக்கொள்ளும்போது ஹார்மோன் அளவு வேகமாக ஏறுகிறது. ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல, பெண் பிள்ளைகள் உடலிலும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பருவம் முன்னதாக வருவதால் பருவும் முன்னதாக வரும். பையன்களுக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஹார்மோனுக்கு முதலில் பதில் சொல்வது தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி. முகத்திலும் உச்சந்தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் வரை நெருங்கி இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. பரு ஏன் முகம், மார்பு, முதுகு என்று இடம் பார்த்து வருகிறது என்பதற்கு இதுதான் விடை. சுரப்பிகள் பெருத்து, சீபம் என்ற எண்ணெய்ப் பசையைக் கூடுதலாகச் சுரக்கின்றன.

எண்ணெய் மட்டும் இருந்தால் முகம் பளபளக்கும், அவ்வளவுதான். சிக்கல் மயிர்க்கால் துளையின் உட்சுவரில் இருக்கிறது. அங்கே உதிர்ந்து வெளியேற வேண்டிய தோல் செல்கள் பருவ வயதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு கலந்து, துளையை அடைத்துவிடுகின்றன. தொடக்கத்தில் இந்த அடைப்பு கண்ணுக்கே தெரியாது. அடைப்பு வளர்ந்து, வாய் மூடியே இருந்தால் தோல் நிறத்தில் சின்ன மேடாகத் தெரியும், அது வெண்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயும் சேர்ந்து வரும் நிறம் அது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாததன் காரணம் அதுவே.

அடைபட்ட துளைக்குள் காற்று குறைவு, எண்ணெய் ஏராளம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது தோதான இடம். எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியாதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிப் பருவை உண்டாக்கும் கிருமி அல்ல. அது எண்ணெயைச் சிதைக்கும்போது உடலின் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வருகின்றன. சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அதன் விளைவு. துளையின் சுவர் ஆழத்தில் வெடித்தால், பெரிய, வலிக்கும் கட்டியாகிறது. தழும்பு விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆகவே நான்கு காரணங்கள்: மிகுந்த எண்ணெய், துளை அடைப்பு, பாக்டீரியா, அழற்சி. நான்கில் ஒன்றுகூடத் தோலின் மேற்பரப்பு அழுக்கோடு சம்பந்தப்பட்டதல்ல. 12 முதல் 24 வயதுக்குள் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது பரு வருகிறது. அத்தனை பேரும் முகம் கழுவாதவர்களா என்ன? அப்பா அம்மாவுக்குக் கடுமையான பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். 'நீ சுத்தமாக இல்லை' என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது பொய் மட்டுமல்ல, அநியாயமும்கூட.

முகம் கழுவுவது: குறைவாக, சரியாக

காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் ஏறத்தாழ 5. சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9 முதல் 10. ஒவ்வொரு முறையும் அந்த சோப்பைப் போடும்போது தோலின் பாதுகாப்புப் படலத்தில் இருக்கும் கொழுப்பும் சேர்ந்து கரைந்து போகிறது. தோல் வறண்டு, மெல்லிய வெடிப்புகள் வந்து, அதன்மேல் பூசும் மருந்து தாங்க முடியாமல் எரிகிறது. 'மருந்து ஒத்துக்கவில்லை' என்று கைவிடப்படுபவற்றில் பல, உண்மையில் சோப்பு செய்த வேலை. சோப்பு சேர்க்காத, பிஎச் 5.5-ஐ ஒட்டிய மென்மையான கிளென்சர் போதும்.

முதலில் கையைக் கழுவுங்கள். முகத்தை வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம். அரை டீஸ்பூன் கிளென்சரை விரல் நுனியில் எடுத்து, நெற்றி முடியோரம், மூக்கின் இரு பக்கம், தாடை விளிம்பு என்று அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை வட்டமாக வருடினால் போதும். கழுவும்போது பலர் விட்டுவிடும் இடம் முடியோரமும் காதின் முன்பக்கமும்தான். அங்கே நுரை தங்கினால் எரிச்சலும் சின்னச் சின்ன மேடுகளும் வரும். பிறகு சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஸ்க்ரப், பிரஷ், நார், ஆல்கஹால் கலந்த டோனர் எதுவும் பருவுள்ள முகத்துக்குத் தேவையில்லை. சொரசொரப்பான துகள்கள் பருவின் மேல்பகுதியைக் கிழித்து அழற்சியைக் கூட்டுகின்றன. நாலைந்து நாள் தொடர்ந்து தேய்த்தால், பரு இல்லாத இடத்திலும் சிவப்பு வரும்.

'எனக்கு எண்ணெய் வழியும் முகம், மாய்ஸ்சரைசர் எதற்கு?' என்று கேட்பார்கள். எண்ணெய்ப் பசை வேறு, தோலுக்குள் இருக்கும் ஈரம் வேறு. முகம் பளபளத்துக்கொண்டே உள்ளே வறண்டு கிடக்கலாம். பரு மருந்துகள் எல்லாமே ஓரளவு தோலை உலர்த்தும், அந்த உலர்வைத் தாங்கத்தான் மாய்ஸ்சரைசர். கிளிசரின், ஹயாலுரானிக் அமிலம், செராமைடு போன்றவை உள்ள ஜெல்லையோ மெல்லிய லோஷனையோ கழுவிய சில நிமிடங்களுக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசலாம். துளையை அடைக்காதது, அதாவது 'நான்-காமெடோஜெனிக்' என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனை சேர்க்காததாக இருந்தால் இன்னும் நல்லது.

பகலில் சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். 30 போதுமானது. அது வெயிலில் தோலைச் சிவக்கவைக்கும் யுவிபி என்ற புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 போட்டால் 98. ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தைவிடப் பூசும் அளவுதான் முக்கியம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் போடுவதில்லை. அப்படிப் போட்டால் உறையில் போட்டிருக்கும் எண் கிடைக்காது. யுவிஏ என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிரையும் தடுப்பதாக உறையில் எழுதியிருக்க வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும்.

கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். பரு இல்லாத பிள்ளைக்கு இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். சுருக்கம் நீக்கும் ரெட்டினால், தோலை உரிக்கும் அமில சீரம், எட்டுப் படி பத்துப் படி என்று காணொலிகளில் காட்டுவதெல்லாம் வேறு வயதுக்கு, வேறு தோலுக்கு. பதினொரு வயதுப் பிள்ளையின் முகத்தில் அவை எரிச்சலையும் தோல் ஒவ்வாமையையும்தான் கொண்டுவரும்.

பூசும் மருந்துகள்: எது, எவ்வளவு, எத்தனை வாரம்

லேசான பருவுக்கு வீட்டிலேயே தொடங்கக்கூடியவை சில உண்டு. எவற்றுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது, கொஞ்சம் அடைப்பையும் நீக்குகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பாக்டீரியா பழகிக்கொள்வதுபோல இதற்குப் பழகுவதில்லை என்பது இதன் பெரிய பலம். கடையில் 2.5, 5, 10 சதவீதம் என்று கிடைக்கும்போது பலரும் கைநீட்டுவது 10-க்குத்தான். அழற்சியுள்ள பருவில் 2.5 சதவீதம் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது, எரிச்சல்தான் குறைவு. மார்பிலும் முதுகிலும் வரும் பருவுக்கு இதையே வாஷ் வடிவில் பூசி, சில நிமிடம் விட்டுக் கழுவலாம். துணியை இது வெளுத்துவிடும். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர் எல்லாம் திட்டுத் திட்டாக நிறம் போகும். வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள். சூடேறினால் இது சிதைந்து பென்சீன் என்ற நச்சு உண்டாகும். அதனால் வெயில் படும் ஜன்னலோரத்திலோ நிறுத்திவைத்த காருக்குள்ளோ குழாயைப் போட்டு வைக்கக் கூடாது.

சாலிசிலிக் அமிலம், 0.5 முதல் 2 சதவீதம், எண்ணெயில் கரையும் தன்மை கொண்டது. அதனால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் இருப்பவர்களுக்கு உதவும். சீழ்ப் பருவுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

மயிர்க்கால் அடைப்பை வேரிலேயே தடுப்பது அடாபலின். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ-யை ஒத்த மருந்துகள்) வகையைச் சேர்ந்த இதன் 0.1 சதவீத ஜெல்லை, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சீட்டு இல்லாமலே வாங்க 2016-இல் அமெரிக்கா அனுமதித்தது. எட்டு வாரக் கணக்கு முக்கியமாகும் இடம் இதுதான். அடாபலின் இன்றிருக்கும் பருவைக் காயவைக்கும் மருந்தல்ல. இனி வரவிருக்கும் பருவைத் தொடங்கவிடாமல் செய்வது. ஆகவே பரு இருக்கும் புள்ளியில் மட்டும் தொட்டு வைப்பதில் பயனில்லை. பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும்.

பூசும் முறை இப்படி. இரவில் முகம் கழுவி ஒற்றி, பத்திருபது நிமிடம் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும். ஒரு பட்டாணி அளவு ஜெல், முழு முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் புள்ளி வைத்து மெல்லிதாகப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றி, மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதலில் உரிவது அங்கேதான். அதன்மேல் மாய்ஸ்சரைசர். எளிதில் எரியும் தோல் என்றால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன்மேல் ஜெல்லைப் போடலாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் பிறகு தினமும். கூடுதலாகப் பூசினால் சீக்கிரம் குணமாகாது, சீக்கிரம் உரியும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் தோல் உலர்ந்து சிவக்கும்; சிலருக்குப் பரு கொஞ்சம் கூடியதுபோலவும் தெரியும். பெரும்பாலானோர் கைவிடும் கட்டம் இது. மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம், முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரம். அதுவரை மருந்தை மாற்றாதீர்கள். எரிச்சல் தாங்காவிட்டால் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. முகம் தெளிந்த பிறகும் தொடர வேண்டும். நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அடைப்புகள் மறுபடி தொடங்கி, இரண்டு மாதத்தில் பழைய கதை திரும்பும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு, இரவில் அடாபலின் என்று சேர்த்துப் பயன்படுத்துவது நன்றாக வேலை செய்யும் ஜோடி. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று வார இடைவெளி விட்டால்தான் எது எரிக்கிறது என்று தெரியும். கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாய்டு வகை எதையும் பூசக் கூடாது. கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தக்கூடியது அசெலாயிக் அமிலம். அது பருவையும் பரு விட்டுப்போகும் கறையையும் சேர்த்துக் கவனிக்கும் என்பதால் மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் நல்ல தேர்வு.

பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா மூன்றையும் முகத்திலிருந்து தள்ளி வையுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் போகாத கறையும் வரலாம். பற்பசை பருவோடு சேர்த்துச் சுற்றியுள்ள தோலையும் பொசுக்கும்.

கறையும் தழும்பும்

பரு ஆறிய இடத்தில் தட்டையாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்பது கறை. மெலனின் அதிகமுள்ள தோலில் இது பருவைவிடப் பெரிய கவலை. பல மாதம் ஆனாலும் தானாக மங்கும். வெயில் அதை ஆழமாக்கும் என்பதால், கறைக்கான முதல் மருந்து சன்ஸ்க்ரீன்தான். குழியாகவோ மேடாகவோ தடவினால் கைக்குத் தெரிவது தழும்பு. அது தானாகப் போகாது, க்ரீமாலும் போகாது. அதைத் தோல் மருத்துவர் சிகிச்சையால்தான் ஓரளவு சரிசெய்ய முடியும். தழும்பு வந்தபின் அலைவதைவிட, ஆழமான பருவை வந்த மாதத்திலேயே அடக்குவது எவ்வளவோ எளிது.

கிள்ளினால் என்ன ஆகும்? சீழில் ஒரு பகுதி வெளியே வரும். மீதி பக்கவாட்டில் அழுந்தி, துளையின் சுவரைக் கிழித்து, ஆழத்துக்கு இறங்கும். இரண்டு நாளில் மறைந்திருக்க வேண்டிய சின்னப் பரு இரண்டு வாரக் கட்டியாகிவிடும். கை சும்மா இருக்காது என்பவர்களுக்கு பருவின் மேல் ஒட்டும் ஹைட்ரோகொல்லாய்டு பட்டை நல்ல வழி: அது சீழை உறிஞ்சும், விரலையும் தடுக்கும்.

பரு போலவே இருக்கும் வேறு சில

சரியாகப் பூசியும் குறையாத 'பரு' பருவாகவே இல்லாமல் இருக்கலாம். நெற்றி, மார்பு, முதுகில் எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரியாக, அரிப்போடு வரும் குட்டிக் கொப்புளங்கள் மலாசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்காலில் வருபவை. பருவுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கூடும், பூஞ்சை மருந்தில்தான் அடங்கும். கரும்புள்ளி, வெண்புள்ளி எதுவும் இல்லாமல் அரிப்பு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நல்ல அடையாளம்.

நெற்றியிலும் முடியோரத்திலும் மட்டும் வந்தால் தலைக்குப் பூசும் எண்ணெயையோ ஜெல்லையோ சந்தேகப்படலாம். ஹெல்மெட் வார் படும் தாடை, பையின் பட்டை அழுத்தும் தோள் என்று உராயும் இடத்தில் மட்டும் வந்தால் காரணம் அந்த உராய்வுதான்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். முகத்தை வெளுக்கவைக்கும் என்று விற்கப்படும் க்ரீம்கள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருக்கின்றன; சிலவற்றில் பாதரசமும் உண்டு. ஸ்டீராய்டு பூசிய முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், பருவின் சிவப்பும் அடங்கும். அந்த ஆரம்பப் பளபளப்புதான் பொறி. சில வாரங்களில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வலைபோல் தெரியத் தொடங்கும், உதட்டுக்கு மேல் முடி வளரும், புதிதாகப் பரு கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். ஒரு க்ரீமை நிறுத்த முடியவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பிள்ளையின் நிறம் மாற்ற வேண்டிய குறை அல்ல. அதை மாற்றப் பூசும் பொருள்தான் குறையை உண்டாக்குகிறது.

கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அதுவும் அழுக்கல்ல. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. தேய்த்தால் இன்னும் கறுக்கும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

வியர்வை, பொடுகு, ஷேவிங்

உடம்பெங்கும் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் பிறந்தது முதலே வேலை செய்பவை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் அபோகிரைன் சுரப்பிகள் பருவ வயதில்தான் விழிக்கின்றன. அவற்றின் வியர்வைக்கு வாசனையே இல்லை. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. தினமும் அக்குளை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, துவைத்த சட்டை போட்டால் பலருக்கும் போதும். டியோடரண்ட் வாசனையைத்தான் மட்டுப்படுத்தும். வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்புள்ள ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதைக் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட, இரவில் முழுக்கக் காய்ந்த அக்குளில் பூசினால் துளைக்குள் நன்றாகப் பிடிக்கும். ஷேவ் செய்த உடனே பூசினால் எரியும்.

பொடுகும் இந்த வயதில் தொடங்குவது இயல்பு, தலையிலும் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் அல்லவா. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் போடலாம். போட்டவுடன் அலசினால் பயனில்லை. உச்சந்தலைத் தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட வேண்டும்.

முதல் ஷேவிங்குக்குச் சில சொற்கள். குளித்த பின்னோ வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பின்னோ, ஜெல் பூசி, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பாக வரும். ஆனால் வெட்டுப்பட்ட சுருள்முடி மறுபடி தோலுக்குள் புகுந்து பரு போல வீங்கும். பிளேடைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. ரெட்டினாய்டு பூசும் முகத்தில் வாக்ஸிங் வேண்டாம். மேல்தோல் சேர்ந்தே பிய்ந்து வரும்.

திடீரென்று உயரம் கூடும்போது தொடை, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதியில் சிவந்த கோடுகள் விழும். ஓரிரு ஆண்டில் வெளிறி மங்கும். எந்த க்ரீமும் அழிக்காது, அழிக்க வேண்டிய நோயும் அல்ல.

சாப்பாட்டைப் பற்றி நிறைய பயமுறுத்தல்கள் உலவுகின்றன. ஓரளவு ஆதாரம் இருப்பது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளுக்கும் பாலுக்கும். ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீனையும் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை போட்ட பானங்களைக் குறைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் சாப்பாட்டை மட்டும் மாற்றிக் கடுமையான பருவைக் குணமாக்கலாம் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் எப்போது

ஆழமான, வலிக்கும் கட்டிகள், குழி விழத் தொடங்கிவிட்டது, பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் மாற்றமில்லை: மூன்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் பல மாதம் தவறி, தாடையிலும் மார்பிலும் முடி வளர்ந்து, கூடவே பரு பிடிவாதமாக இருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. ஒரு வயதுக்கு மேல், ஏழு வயதுக்குள் பரு வந்தால் அது பருவக் கோளாறு அல்ல. உடனே காட்ட வேண்டும். கட்டிகள் திடீரென்று புண்ணாகி, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் அது அவசரம். அரிதாக, பெரும்பாலும் பதின்பருவப் பையன்களுக்கு வரும் நிலை அது. பரு சிறிதாக இருந்தாலும் பிள்ளை வெளியே போக மறுக்கிறது, கண்ணாடியைத் தவிர்க்கிறது, படமெடுக்க விடுவதில்லை என்றால் அதுவும் மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயில் எளிதில் சுடும் என்பதால் சன்ஸ்க்ரீன் கட்டாயம். வழக்கமாக மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இந்த மாத்திரைகள் தொடர்வதில்லை. கூடவே பென்சாயில் பெராக்சைடும் பூச வேண்டும்.

தழும்பு விழும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கி, நான்கு காரணங்களையும் ஒன்றாக அடக்கும் ஒரே மருந்து. பொதுவாக ஐந்தாறு மாதம் அல்லது அதற்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும். உதடு வறண்டு வெடிப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் வரும்; கல்லீரலையும் கொழுப்பையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். கருவுக்குக் கடும் பாதிப்பு தரும் மருந்து என்பதால், எடுக்கும்போதும் நிறுத்திய ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது; அந்தக் காலத்தில் ரத்த தானமும் கூடாது. நண்பரிடமிருந்து வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இது இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மேக்கப் இல்லாமல் போங்கள். இதுவரை பூசிய குழாய்கள், ஷாம்பூ, புரோட்டீன் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை எத்தனை வாரம் பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதுகிலும் மார்பிலும் பரு இருந்தால் பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். சட்டைக்குள் இருக்கும் பருவையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், மாத்திரையா பூச்சா என்பதை முடிவு செய்வது பல நேரம் அதுதான்.